ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மரை ஏன் கிழிகிறது?

லேத் அதேதான், டூல் அதேதான், கையும் அதேதான். மைல்ட் ஸ்டீல் கம்பியில் பளிச்சென்று விழுந்த மரை, 304 வகை ஸ்டெயின்லெஸ் கம்பியை சக்கில் (கம்பியைப் பிடித்துச் சுழற்றும் பகுதி) மாட்டியதும் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. சரிவுகள் கிழிந்து சொரசொரவென்று நிற்கின்றன, உச்சியில் பிசிறு எழும்புகிறது, நட்டு இரண்டு சுற்று ஏறி இறுகிக்கொள்கிறது. ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "எஸ்எஸ் ரொம்பக் கெட்டி" என்பது.

அந்தப் பதில் தவறு. அனீல் செய்து (சூடாக்கி மென்மையாக்கி) வரும் 304 கம்பியின் கடினம், பிரினெல் என்ற கடின அளவில் 200-ஐத் தாண்டுவது அபூர்வம். முன்பே கடினப்படுத்தி விற்கப்படும் 4140 எஃகு 270 முதல் 300 பிரினெல் வரை இருக்கும்; அதில் மரை அழகாக விழும். ஆக, சக்கில் மாட்டும்போது 304 கெட்டியாக இல்லை. நாம் வெட்டத் தொடங்கிய பிறகுதான் அது கெட்டியாகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், ஸ்டெயின்லெஸ் மரை பற்றிச் சொல்லப்படும் பெரும்பாலான அறிவுரைகள் ஒரே இடத்திலிருந்து வருவது தெரியும்.

304 என்பது ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த இரும்பு. நிக்கல் இருப்பதால் அதன் படிக அமைப்பு சாதாரண வெப்பநிலையிலும் ஆஸ்டனைட் என்ற வகையாகவே இருக்கிறது. மிருதுவானது, இழுத்தால் நீளும், காந்தத்தில் ஒட்டாது. ஆனால் அழுத்தினாலோ, வளைத்தாலோ, மழுங்கிய டூலால் தேய்த்தாலோ அந்த இடம் மட்டும் வேகமாகக் கடினமாகிவிடும். படிகங்கள் ஒன்றின்மேல் ஒன்று நழுவிச் சிக்கிக்கொள்வது ஒரு காரணம். ஆஸ்டனைட்டின் ஒரு பகுதி மார்ட்டென்சைட் என்ற கடினமான, காந்தத்தில் ஒட்டும் அமைப்பாக மாறிவிடுவது இன்னொரு காரணம். இதை நீங்களே பார்க்கலாம். 304 கம்பியில் காந்தத்தை வைத்தால் ஒட்டாது. அதே கம்பியிலிருந்து வந்த சுருளைக் கீழே கொட்டி அதன் அருகே காந்தத்தைக் கொண்டுபோனால், பல நேரம் சுருள் மெல்ல அசைந்து காந்தத்தை நோக்கி வரும். வெட்டுப்பட்டபோது அந்த உலோகத்தின் உள்ளமைப்பே மாறியிருக்கிறது. சுருளில் நடந்தது, வெட்டி முடித்த பரப்பின் மேல்தோலிலும் ஓரளவு நடந்திருக்கும்.

இதோடு இன்னும் இரண்டு தொல்லைகள் சேர்கின்றன. ஒன்று சூடு. 304-இன் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 16 வாட். மைல்ட் ஸ்டீலுக்கு ஏறக்குறைய 50. வெட்டும் இடத்தில் பிறக்கும் சூடு கம்பிக்குள் பரவாமல் டூலின் முனையிலேயே தங்குகிறது. மரை டூலின் முனையோ மிக மெல்லியது, அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள அதில் உலோகமே கிடையாது. இன்னொன்று ஒட்டல். துருவிலிருந்து இந்த எஃகைக் காப்பது ஒரு சில நானோமீட்டர் தடிமனுள்ள குரோமியம் ஆக்சைடு படலம். டூல் அதைக் கிழித்து உள்ளே போகும்போது வெளிப்படும் புது உலோகம், சூட்டிலும் அழுத்தத்திலும் டூலின் முனையோடு பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து ஒரு போலி முனையாகிவிடும். பிறகு வெட்டுவது நாம் அரைத்த கூர்முனை கிடையாது, அந்தக் கட்டிதான். அது அவ்வப்போது உடைந்து, பாதி சுருளோடு போகும், மீதி மரையின் சரிவில் அப்பிக்கொள்ளும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கிழிசலாகத் தெரிவதில் பெரும்பகுதி இந்த அப்பல்தான்.

சரி, இதற்கு என்ன செய்வது? டூல் எந்த நொடியிலும் உரசக் கூடாது. வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முந்தைய வெட்டு கடினமாக்கிவிட்டுப் போன தோலுக்கு அடியில், இன்னும் மிருதுவாக இருக்கும் உலோகத்தில் அடுத்த வெட்டு புக வேண்டும். தோலுக்குள்ளேயே ஓடும் டூல் ஒவ்வொரு முறையும் அதை இன்னும் கெட்டியாக்கும், தானும் மழுங்கும்.

இங்கேதான் மைல்ட் ஸ்டீலில் பழகிய கை நம்மைத் தவறான வழியில் கொண்டுபோகிறது. அங்கே பயமாக இருந்தால் ஆழத்தைக் குறைப்போம். 0.02, 0.03 என்று தடவித் தடவி எடுப்போம். கடைசியில் ஆழம் கொடுக்காமலே ஒன்றிரண்டு முறை ஓட்டி மெருகேற்றுவோம். ஸ்டெயின்லெஸ்ஸில் இந்தக் கவனமே மரையைக் கெடுக்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். எம்10, 1.5 பிட்ச்: அதாவது 10 மி.மீ. விட்டம், அடுத்தடுத்த மரைகளுக்கு இடையே 1.5 மி.மீ. வெளி மரையின் ஆழம் பிட்சின் 0.613 மடங்கு, அதாவது 0.92 மி.மீ. இதை ஆறு வெட்டில் முடிப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறாகச் சமமாகப் பங்கிட்டால் தவறு. ஆழம் போகப் போக வி வடிவத்தின் அகலம் கூடி, கடைசி வெட்டுகளில் டூல் தாங்க வேண்டிய சுமை பல மடங்காகிவிடும். அதனால் முதலில் அதிகம், பிறகு படிப்படியாகக் குறைவு: 0.23, 0.18, 0.17, 0.13, 0.11, 0.10. கூட்டினால் 0.92. இதில் கவனிக்க வேண்டியது கடைசி எண். அங்கேகூட 0.10 மி.மீ. உண்மையான உலோகம் எடுக்கப்படுகிறது. சிறிய லேத்தில் ஆறு தாங்காது என்றால் எட்டோ பத்தோ ஆக்கிக்கொள்ளலாம், ஆனால் எந்த வெட்டும் 0.05-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெட்டின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, லேத்தை இறுக்கமாக வைத்து எண்ணிக்கையைக் குறைப்பதே மேல் என்பது என் கருத்து.

இறுக்கம் என்றதும் நினைவுக்கு வர வேண்டியது, டயலில் கொடுக்கும் ஆழம் வேறு, உண்மையில் வெட்டப்படும் ஆழம் வேறு என்பது. சக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கம்பி டூலின் அழுத்தத்தில் கொஞ்சம் விலகும். 0.10 கொடுத்தோம், 0.04தான் வெட்டியது. அந்த 0.04 தோலுக்குள்ளேயே ஓடியதால் பரப்பு இன்னும் கடினமானது. அடுத்த முறை அதே 0.10-க்குக் கம்பி இன்னும் அதிகமாக விலகுகிறது. இப்படியே நாலைந்து முறை போனால் டூல் கம்பியின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். கம்பியில் கண்ணாடி போல ஒரு பளபளப்பு வரும். அந்தப் பளபளப்பைக் கண்டால் வெட்டு நின்றுவிட்டது என்று அர்த்தம். மீள்வதற்கு ஒரே வழி, டூலைக் கழற்றி மறுபடி கூராக்கி, டெயில்ஸ்டாக் சென்டரால் கம்பியின் மறுமுனையைத் தாங்கி, துணிந்து ஒரே ஆழமான வெட்டாகத் தோலுக்கு அடியில் புகுவது. தொடக்கத்திலேயே சென்டர் கொடுத்து, டூல் வெளியே நீளும் அளவைக் குறைத்து, முனையைச் சரியாக மைய உயரத்தில் வைத்திருந்தால் இந்தச் சுழலுக்குள் விழ வேண்டியதில்லை.

டூலை எந்தத் திசையில் உள்ளே செலுத்துவது என்பதும் இதே உரசல் கதைதான். நேராகச் செலுத்தினால் வி-யின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டும்; இரண்டு பக்கச் சுருளும் நடுவில் மோதிக்கொண்டு, வெளியே போக வழியில்லாமல் முனையை அமுக்கும். சிறிய பிட்சுக்கு இது பரவாயில்லை. பெரிய பிட்சுக்கு டூலைத் தாங்கும் கம்பவுண்ட் ஸ்லைடைச் சாய்த்து ஒரு பக்கமாகச் செலுத்துவது நல்லது, சுருள் தடையில்லாமல் ஒரே பக்கம் உருண்டு போகும். ஆனால் மரையின் பாதிக் கோணமான 30 டிகிரியிலேயே சாய்த்தால் பின்பக்க விளிம்பு எதையும் வெட்டாமல் சரிவோடு தேய்ந்துகொண்டே வரும். மைல்ட் ஸ்டீலில் இது கண்ணுக்குத் தெரியாது, 304-இல் அந்தப் பக்கச் சரிவு மட்டும் கடினமாகிக் கிழிந்திருக்கும். அதனால்தான் 27 முதல் 29 டிகிரி வரை வைக்கச் சொல்கிறார்கள். பின்பக்கமும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகத்தை எடுக்கும்.

டூலின் பக்க விலகலை (பக்கம் உரசாமல் இருக்க அரைத்துவிடும் சாய்வை) பலர் கணக்கில் எடுப்பதில்லை. மரை சாய்ந்து ஓடுகிறது; எம்10-இல் அந்தச் சாய்வு சுமார் 3 டிகிரி. டூல் நகரும் திசையில் இருக்கும் பக்கத்துக்கு, வழக்கமான விலகலோடு இந்த 3 டிகிரியையும் சேர்த்து அரைக்க வேண்டும். இல்லையென்றால் கூர்முனைக்குக் கீழேயுள்ள உடல் சரிவில் இடிக்கும். இன்செர்ட் (டூலின் முனையில் மாட்டும் மாற்றக்கூடிய துண்டு) பயன்படுத்துபவர்களுக்கு இந்தச் சாய்வை அடியில் வைக்கும் ஷிம் தகடு கொடுத்துவிடுகிறது.

டூல் கார்பைடா, எச்எஸ்எஸ்ஸா (ஹை ஸ்பீட் ஸ்டீல்)? ஸ்டெயின்லெஸ் என்றால் கார்பைடுதான் என்று பலர் நினைக்கிறார்கள். சிஎன்சி எந்திரத்தில் அது சரி. 304-இல் மரை வெட்ட கோட்டிங் கொடுத்த கார்பைடு இன்செர்ட்டை நிமிடத்துக்கு 100 மீட்டரை ஒட்டிய வேகத்தில் ஓட்டுவார்கள். அந்த வேகத்தில் முனையில் உலோகம் ஒட்டி வளர்வது குறைந்துவிடும். ஆனால் 10 மி.மீ. கம்பியில் 100 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,200 சுற்று. 1.5 பிட்சில் டூல் நொடிக்கு 80 மி.மீ. ஓடும், 20 மி.மீ. நீள மரை கால் நொடியில் முடிந்துவிடும். கையால் ஹாஃப் நட் (டூலின் ஓட்டத்தை நிறுத்தும் பிடி) திறந்து டூலை வெளியே இழுக்க முடியாது. அதனால் கை லேத்தில் வேகத்தைக் குறைக்கிறோம். குறைத்ததும், முனை சற்று உருட்டப்பட்ட அதே இன்செர்ட் உலோகம் ஒட்டி வளரும் வேகத்துக்குள் வந்து விழுகிறது. மரை கிழிகிறது, பழி கம்பியின் மேல் போகிறது.

கை லேத்துக்கு என் தேர்வு, கோபால்ட் கலந்த எச்எஸ்எஸ் டூலைக் கல்லில் தீட்டி, மேல்பரப்பில் ஐந்தாறு டிகிரி நேர்ச்சாய்வு கொடுத்து, நிமிடத்துக்கு 5 அல்லது 6 மீட்டரில் ஓட்டுவது. எம்10-க்கு அது 160 முதல் 190 சுற்று. 20 மி.மீ. நீள மரைக்கு நாலைந்து நொடி கிடைக்கும். கை நிதானமாக வேலை செய்யலாம். தீட்டிய விளிம்பைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மெதுவாக வைத்தால் வழுக்காமல் பிடிக்க வேண்டும். கிரைண்டரிலிருந்து எடுத்த விளிம்பு அப்படிப் பிடிக்காது, எண்ணெய்க் கல்லில் தேய்த்துப் பிசிறு போக்கிய பிறகுதான் பிடிக்கும்.

வெட்டத் தொடங்குமுன் கம்பியின் விட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 304-இல் உலோகம் பக்கவாட்டில் பிதுங்கி மரையின் உச்சியை உயர்த்தும். 6ஜி என்ற வழக்கமான வெளி மரை அளவு வரம்பில் எம்10-இன் வெளிவிட்டம் 9.732 முதல் 9.968 வரை இருக்கலாம். சரியாக 10-க்குக் கடைவதைவிட 9.85-ஐ ஒட்டிக் கடைந்துகொண்டால், பிதுங்கலுக்கும் இடம் இருக்கும், அளவும் மீறாது. உச்சியையும் சேர்த்து வடிவமைக்கும் முழு வடிவ இன்செர்ட் என்றால் எதிர்மாறாகச் சில நூறில் பங்கு மி.மீ. கூடுதலாக விட வேண்டும். அதுவே உச்சியைச் சீவிப் பிசிறில்லாமல் முடித்துவிடும். மரை முடியும் இடத்தில் ஒரு பள்ளம் போட்டுவிடுங்கள். பள்ளம் இல்லாத இடத்தில் டூல் ஒரு சுற்று நின்று தேய்த்தாலும் அந்த வளையம் கடினமாகிவிடும், அடுத்த வெட்டில் முனை அங்கேதான் உடையும்.

உள் மரைக்கு வருவோம். டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) உடைந்தால் டேப்பைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் குற்றம் அதற்கு முன் நடந்த ட்ரில்லிங்கில் இருக்கிறது. மழுங்கிய ட்ரில்லால், விட்டு விட்டு அழுத்திப் போட்ட ஓட்டையின் சுவர் முழுக்கக் கடினத் தோல். டேப்பின் ஒவ்வொரு பல்லும் அந்தத் தோலைக் கிழித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். இன்னும் சொல்லப்போனால், ஓட்டையின் மையத்தைக் குறிக்க சென்டர் பஞ்சை ஓங்கி அடிப்பதே தவறு. அடிபட்ட புள்ளி அங்கேயே கெட்டியாகி, ட்ரில் முதல் நொடியிலேயே வழுக்கும். லேசான குறி போதும், அல்லது ஸ்பாட் ட்ரில்லால் தொடங்கலாம். கோபால்ட் ட்ரில், குறைந்த வேகம், நிற்காத உறுதியான அழுத்தம். சுருள் வந்துகொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் உரசல் தொடங்கிவிட்டது.

அப்புறம் ஓட்டையின் அளவு. எம்10-க்கு 8.5 என்பது மனப்பாடமாகிவிட்ட எண். ஆனால் 6எச் என்ற வழக்கமான அளவு வரம்பில் உள் மரையின் சிறுவிட்டம் 8.376 முதல் 8.676 வரை இருக்கலாம். 8.6 மி.மீ. ட்ரில் போட்டாலும் மரை முழுக்க அளவுக்குள்தான் இருக்கும். டேப் எடுக்க வேண்டிய உலோகமும் திருகு விசையும் கண்கூடாகக் குறையும். மரையின் பலம் இதனால் குறைந்துவிடும் என்ற அச்சம் தேவையில்லை. உச்சியில் இழக்கும் அந்த மெல்லிய பகுதி சுமையில் மிகச் சிறிய பங்கைத்தான் தாங்குகிறது. ஸ்டெயின்லெஸ்ஸில் 8.5-ஐ விட 8.6-ஐயே நான் எடுப்பேன்.

டேப் வகையில், துளை மறுபக்கம் திறந்திருந்தால் ஸ்பைரல் பாயிண்ட் டேப். அது சுருளை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். அடி மூடிய துளைக்கு ஸ்பைரல் ஃப்ளூட் டேப். அது சுருளை மேலே இழுத்து வெளியேற்றும். நீராவியில் பதப்படுத்திக் கருநீலமாக வரும் டேப்புகள் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு ஏற்றவை. அந்த ஆக்சைடு மேற்பரப்பு எண்ணெயைப் பிடித்துவைக்கும், உலோகம் ஒட்டுவதைத் தடுக்கும். அரைச்சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்ற பழக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பைரல் பாயிண்ட் டேப்பைப் பின்னால் திருப்ப வேண்டியதே இல்லை; நிற்காமல் ஒரே ஓட்டமாகப் போக வேண்டும். நேர்ப் பள்ளமுள்ள கை டேப் என்றால் சுருளை ஒடிக்காமல் முடியாது. ஆனால் ஒடிந்தது கையில் தெரிந்ததும் உடனே முன்னே திருப்புங்கள், அந்த இடத்திலேயே ஆட்டிக்கொண்டிருக்க வேண்டாம். மூன்று டேப் கொண்ட செட்டில், விட்டமும் படிப்படியாகக் கூடும் வகையே இங்கே உதவும். ஒவ்வொன்றும் உண்மையில் உலோகத்தை எடுக்கும்.

வெட்டாமலே மரை போடும் ஃபார்ம் டேப்பும் உண்டு. உலோகத்தை அமுக்கி, பிதுக்கி மரையாக்கும். நன்றாக நீளக்கூடிய 304-க்கு இது மிகப் பொருத்தம். சுருளே வராது, அடி மூடிய துளையில் அடைப்பும் இல்லை. ஓட்டை மட்டும் பெரிதாக வேண்டும், எம்10-க்கு ஏறக்குறைய 9.3. எண்ணெய் தரமாக இருந்தே ஆக வேண்டும், எந்திரத்துக்கும் திருகு விசை கூடுதலாக வேண்டும். மரை உச்சியில் ஒரு மெல்லிய பிளவுக் கோடு விழும். அழுக்குத் தங்கக் கூடாத இடங்களில் அதனாலேயே இதைத் தவிர்ப்பார்கள்.

இங்கே ஒரு விஷயம் எனக்கு எப்போதும் பிடிக்கும். வெட்டும்போது நம்மைப் படுத்தும் அதே கடினமாகும் குணம்தான், அமுக்கி உருவாக்கும்போது பலமாகிறது. கடையில் வாங்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் தலையில் ஏ2-70 என்று இருக்கும். 70 என்பது 700 மெகாபாஸ்கல் இழுவிசைப் பலம். குளிர் நிலையில் இழுத்தும் உருட்டியும் கடினமாக்கியதால் வந்த பலம் அது. அனீல் செய்த மென்மையான நிலையில் இருப்பது ஏ2-50. அனீல் செய்த கம்பியை லேத்தில் கடைந்து மரை வெட்டிவிட்டு, அது கடைப் போல்ட்டின் இடத்தில் அதே சுமையைத் தாங்கும் என்று நம்பிவிடக் கூடாது.

எண்ணெய் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். மரை வெட்டும் வேகம் குறைவு, அழுத்தம் அதிகம். குளிர்விப்பதைவிட வழுக்கவைப்பதே முக்கியம். கந்தகம் சேர்த்த கனமான கட்டிங் ஆயில், சூடான புது உலோகத்தோடு வினைபுரிந்து ஒரு மெல்லிய சல்ஃபைடு படலத்தை உண்டாக்கும். டூலும் கம்பியும் நேரடியாக ஒட்டிக்கொள்ளாமல் இருப்பது அதனால்தான். பூட்டுக்குப் போடும் மெல்லிய எண்ணெய் அந்த அழுத்தத்தில் பிதுங்கி வெளியேறிவிடும்.

வேலைக்கு எந்த வகை ஸ்டெயின்லெஸ் பொருந்தும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தால் 303-ஐ யோசியுங்கள். அதில் குறைந்தது 0.15 சதவீதம் கந்தகம் இருக்கும். மாங்கனீஸ் சல்ஃபைடு துகள்களில் சுருள் ஒடிந்து விழும். எளிதில் வெட்டப்படும் பி1112 எஃகை 100 என்று வைத்து, வெட்டும் எளிமையை ஒப்பிடும் பட்டியல்களில் 304 சுமார் 45, 303 சுமார் 78. ஆனால் அரிப்பைத் தாங்கும் திறன் குறையும், பற்றவைத்தால் விரிசல் விடும். உப்புநீர் படும் இடமென்றால் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316-தான், அதன் பிசுபிசுப்பைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

மரை முடிந்ததும் நட்டை ஏற்றிப் பார்க்கும் ஆசை வரும். துடைக்காமல் ஏற்றாதீர்கள். சரிவில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு துகள் போதும்: நட்டும் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ்ஸாக இருந்தால், படலம் உரிந்து, இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி, பிறகு எந்தப் பக்கமும் திரும்பாது. எம்10-இன் 6ஜி மரையில் இதற்கென உறுதியாகக் கிடைக்கும் இடைவெளி 0.032 மி.மீ. மட்டுமே. ஸ்டெயின்லெஸ் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, மரை அளவு பார்க்கும் கேஜை விரலால் மட்டும் திருப்ப வேண்டும். பொருத்தும்போது நிக்கல் கலந்த ஆன்ட்டி-சீஸ் பசை தடவி, மெதுவாக இறுக்க வேண்டும். இம்பேக்ட் ரெஞ்சின் வேகமும் சூடும் இங்கே எதிரி. இரும்புக் கம்பி பிரஷ்ஷைத் தொடவே வேண்டாம். அதன் துகள்கள் மரையின் அடியில் பதிந்து, ஈரம் பட்டதும் பழுப்புப் புள்ளிகளாக எழும்பும். அப்படிப் பதிந்துவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கை முழுக்கக் கழுவிவிட்டு, சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து இரும்பைக் கரைத்தெடுக்கலாம். 303-இல் மட்டும், அமிலம் சல்ஃபைடு துகள்களையும் அரிக்கும் என்பதால், அதே கரைசலை அப்படியே பயன்படுத்தக் கூடாது.